சோதனை இலவசம்

“ஆர்லோ, ராத்திரி முழுக்க வண்டியை உன்கிட்ட விட்டுட்டுப் போனேனே, சத்தம் எங்கேர்ந்து வருது?” பழைய பிக்கப்பின் கதவை எட்டி உதைத்தபடி கேட்டான் டெல்மர்.

“எஞ்சின் ஜில்லுனு இருந்தாத்தான் கேக்கும். நீ ஓட்டிட்டு வந்தா சூட்டுல அடங்கிடும்.”

“மூணு மெக்கானிக்குக்கும் கேக்கல. நீயும் கதை விட்டா பல்லு இருக்காது.”

மொன்டானாக் குளிரில் விறைத்திருந்த சாவியைத் திருகினேன். டக் டக்கென்று ஏழு தட்டு, ஒரு விக்கல். பிறகு எஞ்சின் அடங்கி ஓடியது.

“ஆயில் மேல ஏறுற வரைக்கும் வால்வு தட்டுது. எத்தனை வருஷமா?”

“வாங்கி எட்டு வருஷம். அன்னிலேர்ந்தே இப்படித்தான். வேற எவனையும் இதை ஓட்ட விட்டதில்ல.”

எஞ்சினை அணைத்தேன். ஷெட் கதவைத் தாழிட்டேன்.

“எவ்வளவு ஆச்சு?”

“போர்டைப் பார்க்கலையா? குளிர் ஸ்டார்ட் சோதனை இலவசம்.”

“லூசாய்யா நீ? இதுல உனக்கு என்ன கிடைக்கும்?”

இரும்புக் கம்பியை எடுத்தேன். “ஆறு வருஷம் முன்னாடி, பழைய ஊர்ல ஒருத்தன் என் தம்பி வெர்னோட விடிய விடிய சீட்டாடிட்டு, அவன் மண்டையைப் பொளந்துட்டுப் போயிட்டான். மாடியில படுத்திருந்த நான் ஆளைப் பார்க்கல. வண்டி கிளம்பின சத்தம் மட்டும்தான் கேட்டேன்.”

டெல்மரின் கை இடுப்புத் துப்பாக்கிக்குப் போனது. கம்பி முந்திக்கொண்டது.

ஏழு அடி, ஒரு விக்கல். பிறகு அவனும் அடங்கினான்.