நடுப்பந்து

இடது கையால் எழுதினாள்.

பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த முறைப்படிதான். மேலே, அனுப்புநர். அதன் கீழே ஒன்றும் எழுதவில்லை. பெறுநர், கிளப் மேலாளர் அவர்கள். பொருள்: நம் அணியின் சைகை வெளியே போவது தொடர்பாக.

எழுத்து கோணல்மாணலாக விழுந்தது. அப்படித்தான் விழ வேண்டும்.

சைகை அவளுடையது. வாலிபால் அணிக்கு அவள்தான் செட்டர், அடிப்பவர்களுக்குப் பந்தை எடுத்துக் கொடுப்பவள். எதிரணி சர்வீஸ் போடும் முன், வலைக்கு முதுகைத் திருப்பி, வயிற்றோடு ஒட்டி விரலைக் காட்டுவாள். ஒரு விரல் என்றால் நடுவில் நிற்கும் இசக்கிக்குப் பந்து. இரண்டு என்றால் ஓரத்துக்கு.

இந்த வருஷம் எந்த அணி வந்தாலும் சரி. இசக்கி கையை ஓங்குவதற்குள் எதிரே இரண்டு பேர் எழும்பி பிளாக் போட்டுவிடுகிறார்கள்.

நடுப்பந்துக்கு மட்டும்.

எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தால் ரெக்ஸ்லின் மாட்டிக்கொள்வாள் அல்லவா. கெட்டிக்காரி.

இந்த வருஷம்தான் ரெக்ஸ்லின் வந்தாள். போன வருஷம் வரை வேறு அணி. நாளை மறுநாள் அரையிறுதியில் எதிரே நிற்கப்போகும் அதே அணி. மாடிப்படியில் உட்கார்ந்து போன் பேசுவாள். யாராவது ஏறி வந்தால் குரல் தணியும். பழைய தோழிகளைக் கண்டால் வலைக்கு அடியில் கை நீட்டிச் சிரிப்பாள்.

சிரிப்பதற்கு அப்படி என்ன இருக்கிறது?

போன வியாழக்கிழமை இவள் சைகையையே மாற்றிப் பார்த்தாள். ஆட்டத்துக்குப் பத்து நிமிஷம் முன்னால், உடை மாற்றும் அறையில், எல்லோருக்கும் காதோடு காதாகச் சொன்னாள். இனி மூன்று விரல்தான் நடு.

அன்றும் எழும்பினார்கள்.

அந்தப் பத்து நிமிஷத்தில் ரெக்ஸ்லின் ஒருமுறை பாத்ரூம் போய் வந்தாள். அதையும் கடிதத்தில் எழுதினாள்.

இப்படிக்கு, அணியின் நலம் விரும்பி.

காலையில் கடிதம் மேலாளர் மேசையில் இருந்தது. மதியம் ரெக்ஸ்லினைக் கூப்பிட்டு விட்டார்கள்.

மாலைப் பயிற்சிக்கு அவள் இறங்கி வரவில்லை.

தரை துடைக்கும் செல்லக்கிளி அக்கா, ஆடுகளத்துக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்து டீயில் முறுக்கை நனைத்துக்கொண்டிருந்தாள்.

"நடுவுல," என்றாள் சுவரிடம்.

அதற்குப் பிறகுதான் பந்து செட்டரின் விரலை விட்டு நடுவுக்குப் போனது.

அடுத்தது ஓரம். அக்கா முறுக்கைக் கடித்தாள்.

மறுபடியும், "நடுவுல."

செட்டர் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் நின்றாள். உனக்கு யார் சொன்னது என்று கேட்டாள். இவளிடம்கூட ரெக்ஸ்லின் சொல்லி வைத்திருக்கிறாளா?

"யாரு சொல்லணும்? உன் ஷூதான் சொல்லுது. நடுவுல குடுக்க முன்னாடி தரையை கிறீச்சுன்னு ஒரு இழு இழுக்கிறியே. தெனமும் அந்தக் கோட்டைத் தேச்சு அழிக்கிறவ நானு. எனக்குத் தெரியாதா?"

திரும்பிப் பார்த்தாள்.

வலையிலிருந்து இரண்டடி தள்ளி, பளபளக்கும் மரத்தில், விரல் நீளத்துக்குக் கறுப்புக் கோடுகள். எல்லாம் ஒரே இடத்தில்.

வலது கால்.

பத்து வருஷம் மில்லுக்குப் பின்னால் கரிசலில் ஆடிய கால். கரிசல் காய்ந்தால் வெடிக்கும். தண்ணீர் தெளித்தால் வழுக்கும். நின்ற இடத்திலேயே குதித்து நடுவுக்குக் கொடுக்க வேண்டுமென்றால், முதலில் பெருவிரலால் மண்ணைக் கிளறி ஒரு பிடி வைத்துக்கொள்ள வேண்டும். அங்கே அது சத்தம் போடாது.

பிறகு அணி வளர்ந்தது. முதுகில் சிமெண்ட் கம்பெனியின் பெயர் ஏறியது. ஏசி பஸ் வந்தது. டிவியில் முகம் வந்தது. ஆளுக்கு இரண்டு ஜோடி ஷூ.

இந்த வருஷம், மரத்தரை.

ரெக்ஸ்லின் வந்த அதே வருஷம்.

மேலாளர் அறைக்கதவு சாத்தியிருந்தது. போய்த் தட்டலாம். தட்டினால், அனுப்புநர் யாரென்று சொல்ல வேண்டும்.

ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள்.

அறையில் ரெக்ஸ்லின் பையில் துணியைத் திணித்துக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. ஆறரைக்கு நாகர்கோவில் பஸ்.

"அக்கா, முட்டியில மாட்டுறது ஒண்ணுதான் இருக்கு. இன்னொண்ணைப் பாத்தீங்களா?"

கட்டிலுக்கு அடியில் கிடந்தது. குனிந்து எடுத்துக் கொடுத்தாள்.



அரையிறுதி.

முதல் செட் முழுக்கப் பெருவிரலை ஷூவுக்குள் மடக்கியே வைத்திருந்தாள். தரை வாய் திறக்கவில்லை. இசக்கி அடித்த பந்தெல்லாம் வெறும் வலையைத் தாண்டிப் போய் விழுந்தது. எதிரே எழும்ப ஆளில்லை.

இருபத்தைந்துக்குப் பதினாறு.

இசக்கி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். "பாத்தியாட்டி? அவ போனா, பிளாக்கும் கூடவே போயிட்டு. லெட்டர் போட்ட புண்ணியவான் நல்லாயிருக்கட்டும்."

பெஞ்சில் எல்லோரும் தலையை ஆட்டினார்கள். மேலாளரும்.

பாட்டிலை மூடித் திருப்பிக் கொடுத்தாள்.

இரண்டாவது செட். முதல் பந்து.

வலைக்கு முதுகைத் திருப்பினாள். மூன்று விரல்.

பந்து பின்வரிசையிலிருந்து உயர்ந்து வந்தது. அது இறங்குவதற்குள் பெஞ்சை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். மேலாளர் ஆட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஷூவுக்குள் மடக்கிய பெருவிரலை நீட்டினாள்.

அழுத்தி இழுத்தாள். தரை வாய் திறந்தது.

எதிரே இரண்டு பேர் எழும்பினார்கள்.