தின்று தீர்த்த கிடாய்

கோயில் முன்னால் பனி விலகி வெயில் விழுகிறது. செல்வம் காயப்போட்டு வைத்திருந்த மிளகில் ஒரு மூட்டையைக் காணோம்; அதற்காகத்தான் ஊர் கூடியிருக்கிறது. நடுவில் நிற்கிறவள் பாப்பாயி. அவள் எடுத்ததை யாரும் பார்க்கவில்லை. அவள் வீட்டைக் கிளறிப் பார்த்தும் ஒரு மிளகுமணிகூட அகப்படவில்லை. ஆனாலும் செல்வம் நீட்டிய விரலை மடக்கவில்லை. "போன வருசம் எங்கொடியில மொளகு பறிச்சவ இவதானுங்க. இப்பவும் வேற யாரு எடுத்திருப்பா?" தலைகள் ஆடுகின்றன. கீழே கொண்டை ஊசி வளைவில் ஏறும் பஸ்ஸின் ஹாரன் எழுந்து தேய்கிறது. ஊர்க்கவுண்டர் பொன்னன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தீர்ப்புச் சொல்ல வாயைத் திறக்கிறார். பாப்பாயி தலையைக் குனியவில்லை. அவிழ்ந்த கூந்தலை அள்ளி முடிகிறாள். கண்ணாடி வளையல்கள் முழங்கை வரைக்கும் சரிந்து கலகலக்கின்றன. "அன்னைக்குப் பறிச்சது நாந்தானுங்க. இல்லீன்னு சொன்னனா? அபராதமா என்ற கெடாய வெட்டி, ஊரே உக்காந்து கறிச்சோறு தின்னீங்க. கவுண்டரே, நல்லியெலும்பு கேட்டு வாங்குனது நீங்க. கையக் கழுவிப்போட்டு, இதோட அது தீந்துதுன்னு சொன்னதும் நீங்கதானுங்க." யாரோ சிரிப்பை இருமி மறைக்கிறார்கள். கவுண்டர் துண்டை எடுத்து வாயைத் துடைக்கிறார். "தின்னு தீத்த கெடாய இன்னைக்குச் சாட்சிக்குக் கூப்புடறீங்களா? கூப்புடுங்க. அது எந்திரிச்சு வந்து கத்துச்சுன்னா, இந்த மூட்டையையும் நாந்தான் எடுத்தேன்னு ஒத்துக்கறேன்."