சாப்பிடாம அனுப்ப மாட்டேன்

நம் சூரியன் குடியிருக்கும் பால்வீதி அக்காவுக்கு விருந்தாளி வந்தால் தலைகால் புரியாது. மெகல்லன் மேகம் என்ற சின்ன விண்மீன் மண்டலம் பக்கத்தில் வந்ததுமே, "வாம்மா, வா! எவ்வளவு தூரத்திலேருந்து வந்திருக்கே! சாப்பிடாம அனுப்ப மாட்டேன்," என்று வாய் கொள்ளாமல் சிரித்தாள்.

மேகம் கூச்சத்தோடு சுற்றுமுற்றும் பார்த்தது. அக்கா வீட்டு விண்மீன்கள் எல்லாம் ஒரு பக்கமாகச் சுற்ற, ஒரு கூட்டம் மட்டும் எதிர்ப்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது.

"அவங்க யாருக்கா?"

"எல்லாம் நம்ம வீட்டுப் பிள்ளைங்கதான்," என்றாள் அக்கா, அவசரமாக.

எதிரே போன விண்மீன் ஒன்று போகிற போக்கில் சொன்னது: "எங்கம்மாவும் உன்னை மாதிரி விருந்தாளியா வந்தவதான். அவகிட்டயும் இதையேதான் சொன்னாங்க. யாரு சாப்பிடப் போறதுன்னு அவ கேட்டுக்கல."

அக்காவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. இத்தனை கோடி விளக்கையும் ஒரேயடியாக அணைத்துவிட்டால் தேவலை என்றிருந்தது.

"அப்ப நான் போயிட்டு வரேன்க்கா," என்றது மேகம், மெல்லிய குரலில்.

"மகராசியா போயிட்டு வாம்மா," என்றாள் அக்கா தலையைக் குனிந்துகொண்டு. மனசாரத்தான் சொன்னாள்.

சொல்லும்போதே மேகத்தின் முந்தானை நுனி அவள் வாய்க்குள் இருந்தது.