கொக்கிக் கால் ஸ்கோப்பின் விலை

தெளிவாகத்தான் தெரிந்தது. கூடத்தின் மறுகோடியில், பீன்ஸ் சூப் விற்கும் இடத்துப் பலகையில் அழித்து ஏற்றி எழுதிய விலைகூடத் தெரிந்தது.

துப்பாக்கி மேல் மாட்டிக் குறிபார்க்கும் அந்த ஸ்கோப்பைக் கண்ணிலிருந்து எடுத்தேன்.

“கண்ணாடி மங்கிப்போச்சும்மா” என்றேன்.

பென்சில்வேனியாவில் எங்கள் ஊர்த் தீயணைப்பு நிலையக் கூடத்தில் வருடத்துக்கு இரண்டு முறை துப்பாக்கிச் சந்தை. பழைய ஸ்கோப்பை யார் கொண்டுவந்தாலும் பார்த்து விலை சொல்பவன் நான். இலவசச் சேவை. தரமும் அதற்கேற்றபடிதான்.

எதிரே நின்றவள் ஆர்லீன். என் நண்பன் வெர்னனின் முன்னாள் மனைவி. நான் அவனுக்கு நண்பன் என்பது அவளுக்குத் தெரியாது என்பது எங்கள் நம்பிக்கை.

விவாகரத்தின்போது நீதிபதி எல்லாவற்றையும் சரிபாதியாகப் பிரித்தார். நியாயமான மனிதர், ஆனால் வேட்டைக்குப் போகாதவர். ஜெர்மன் துப்பாக்கியை அவனுக்கும், அதன் மேல் மாட்டும் ஸ்கோப்பை அவளுக்கும் எழுதிவிட்டார்.

வேறு ஸ்கோப் வாங்கி மாட்டிக்கொள்ளலாமே என்பீர்கள். இது கொக்கிக் கால் வைத்த மவுண்ட், ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிணைக்கும் தாங்கி. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய ஆள் ஒருவன் ஒரே ஒரு துப்பாக்கிக்கென்று அரம் போட்டு ராவிய கால்கள். வேறு எதிலும் உட்காராது. எது எதன் ஜோடி என்று தெரிய, துப்பாக்கி எண்ணின் கடைசி மூன்று இலக்கத்தை மவுண்டின் அடியில் வெட்டியிருப்பார்கள். வெர்னனுடையது 318. முதுகில் இரண்டு வெறும் குழிகளோடு பதினோரு வருடமாகச் சுவரில் தொங்குகிறது.

மவுண்டைத் திருப்பினேன். 318.

திருகுகளின் வெட்டுகள் எல்லாம் குழாயின் நீளவாக்கில் ஒரே நேராக நின்றன. இத்தனை வருடத்தில் ஒருவனும் அவற்றில் கைவைக்கவில்லை.

“திருகெல்லாம் கோணல். இந்தக் காலு இருக்கே, அதுதான் பெரிய தொல்லை. உலகத்துல எந்தத் துப்பாக்கியிலயும் சேராது.”

கடைசி வாக்கியம் ஏறக்குறைய உண்மை. ஒரே ஒரு துப்பாக்கிதான் பாக்கி.

சந்தையில் சொல்கிற விலைக்கே தருகிறேன், ஆனால் நீ பக்கத்தில் வரக்கூடாது என்று அவள் வெர்னனுக்குச் சொல்லி அனுப்பியிருந்தாள். அவனும் வரவில்லை. இரண்டு மேசை தள்ளி, தொப்பியைக் கண் வரை இழுத்துவிட்டுக்கொண்டு, ஒரு தோட்டாப் பெட்டியை அரை மணி நேரமாகப் படித்துக்கொண்டிருந்தான். பெட்டியில் மொத்தம் ஆறு வார்த்தைகள். ஆள் ஆறடி மூன்று அங்குலம்.

காலையிலேயே எனக்குச் சொல்லி வைத்திருந்தான். “நாப்பது டாலர்னு சொல்லு. முப்பத்தொம்பதும் வேணாம், நாப்பத்தொண்ணும் வேணாம்.” கஞ்சத்தனத்தில் இவ்வளவு துல்லியமா என்று வியந்தேன். எனக்குக் கூலி ஒரு மான் தொடை.

“நாப்பது டாலர்” என்றேன்.

ஆர்லீன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். “நெசமாவா சார்?”

“அதுவே ஜாஸ்தி.”

“அப்போ அவர் சொன்னது உண்மைதான்.” அவள் குரல் உடைந்தது. “வாங்கிட்டு வந்த அன்னிக்கு நாப்பது டாலர்னுதான் சொன்னார். நான்தான் நம்பல. பொய்யன்னு கத்தினேன். நீதிபதி முன்னாடியும் அதையே சொன்னேன். ஒரு நல்ல மனுஷனப் போய்...”

எங்கள் கூட்டத்தில் எந்தப் பொருளுக்கும் இரண்டு விலை உண்டு. விற்றவனிடம் கொடுத்தது ஒன்று. வீட்டில் சொல்வது ஒன்று. என் மனைவியைக் கேட்டால் என் துப்பாக்கி அலமாரி மொத்தமும் நானூறு டாலர் என்பாள்.

ஆக, வெர்னன் என்னிடம் கேட்டது விலை இல்லை. பழைய பொய்க்குச் சாட்சி.

“காசெல்லாம் வேணாம். இத அவர்கிட்டக் குடுத்துடுங்க. ஆர்லீன் மன்னிப்புக் கேட்டான்னு சொல்லுங்க.” கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. மான் தொடையை மறக்கும் அளவுக்கு இல்லை.

வெர்னன் வந்து ஸ்கோப்பைக் கையில் எடுத்தான். எண்ணைக்கூடப் பார்க்கவில்லை.

“சும்மாவே கெடைச்சிருச்சுடா. போய் மாட்டு.”

“அழுதாளா?”

“அழுதா.”

“மூவாயிரத்து எண்ணூறுடா இது. கூரை மாத்த வெச்சிருந்த காசு” என்றான். அடுத்த நொடி ஸ்கோப்போடு வாசலைப் பார்த்து ஓடினான்.

“டேய், வாய மூடிட்டு இருந்தாலே போதும்டா!” என்று கத்தினேன். கூடமே திரும்பிப் பார்த்தது. அவன் மட்டும் திரும்பவில்லை.

பத்து நிமிடம் கழித்து வந்தான். கையில் ஸ்கோப் இல்லை.

“சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேன்.”

“அடிச்சாளா?”

“இல்ல. காரைக் கிளப்பாம உக்காந்திருந்தா. நான் சொல்லி முடிச்சதும் கைப்பையத் தொறந்து பில்லை எடுத்து நீட்டினா. வாங்கின வாரமே என் கோட்டுப் பையிலேர்ந்து எடுத்துட்டாளாம்.”

“அப்போ அழுததெல்லாம் நடிப்பாடா?”

“அஞ்சு நிமிஷத்துல நான் வரலைன்னா, உள்ள வந்து பில்லை மைக்குல படிக்கிறதா இருந்தாளாம். நீ என் கூட்டாளின்னு உன் பேரையும் சேத்து.”

“ஸ்கோப்பு?”

“தர்றாளாம். பில்லுல போட்டிருக்கற விலைக்கு.” தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தான். “பனி விழறதுக்குள்ள பணம் வேணுமாம். கூரை இன்னும் ஒழுகுது.”