மிதந்த முட்டை

தண்ணீரில் மூழ்கிக் கிடந்த முட்டை, உப்பைக் கரைக்கக் கரைக்க மெல்ல மேலே வந்து மிதந்தது. பிச்சாவரத்தை ஒட்டிய அந்தத் தொடக்கப் பள்ளியின் மூன்றாம் வகுப்பே கைதட்டியது.

இலக்கியா மட்டும் எழுந்து நின்றாள். “முட்டைய விடப் பெருசா இருந்தா, டீச்சர்?”

“அப்ப உப்பு ஜாஸ்தி வேணும்,” என்று சிரித்தாள் வினோதினி டீச்சர்.

மறுநாளிலிருந்து சத்துணவுக் கூடத்தில் உப்பு காணாமல் போகத் தொடங்கியது. வெள்ளிக்கிழமை, சமையல்கார அமிர்தம் இலக்கியாவை இழுத்துக்கொண்டு வந்தாள்.

“பாருங்க டீச்சர், டிபன் பாக்ஸ் நெறைய உப்பு! இவ ஊட்லயும் ஒரு கல்லு உப்பு மிச்சம் வைக்கலயாம். உப்பு திருடுற கழுதைய இப்பதான் பாக்குறேன். எச்.எம்.கிட்ட சொல்லாம விடமாட்டேன்.”

வினோதினி குழந்தையின் முன்னால் உட்கார்ந்தாள். “முட்டைய மிதக்க வுட்டுப் பாக்குறியா கண்ணு? கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே.”

“முட்டை இல்ல டீச்சர். கழிமுகத்துல கொட்டுறேன். எங்கப்பா படகு அங்கதான கவுந்துச்சு? மழை வெள்ளம் வந்து தண்ணி சப்புன்னு ஆயிடுச்சு. அதான் அப்பா மேல வரமாட்டேங்குறாரு. இன்னும் உப்பு ஜாஸ்தி வேணும்.”



அமிர்தம் விடுவிடுவென்று உள்ளே போனாள். சமையலுக்கு மிச்சமிருந்த உப்புப் பையை அப்படியே தூக்கிக்கொண்டு வந்தாள்.

“வா கண்ணு,” என்று இலக்கியாவின் கையைப் பிடித்தாள். “சாமி பேரச் சொல்லி, ரெண்டு பேருமா போடுவோம்.”