மொட்டைச் சேவல்

"எவன்டா என் சேவலை மொட்டையடிச்சது?"

கமலவேணி போட்ட சத்தத்தில் மலாயாவின் காஜா பெராங் கம்பத்தில், அந்தச் சின்னக் கிராமத்தில், ஒரு வீடு பாக்கியில்லாமல் வாசலுக்கு வந்துவிட்டது.

சேவல் வெட்கப்பட்டு அங்கும் இங்கும் ஓடியது. வால் இல்லை. கழுத்திலும் முதுகிலும் ஒரு இறகு இல்லை. பாவமாக இருந்தது, சிரிப்பும் வந்தது.

பக்கத்து வீட்டுத் தனபாலன் போத்தல் தக்கையைச் சுற்றி இறகு செருகி நூல் கட்டிக்கொண்டிருந்தான். ஜப்பான்காரன் வந்ததிலிருந்து கடையில் பூப்பந்து ஏது? மீன் வெட்டும் பலகைக்குப் பிடி வைத்து மட்டை ஏற்கெனவே தயார்.

"நான்தான்க்கா. பந்து செய்ய."

"அடப்பாவி! அது முனீஸ்வரனுக்கு நேர்ந்துவிட்டதுடா! என் வீட்டுக்காரரைச் சயாமுக்கு ரயில் ரோடு போட இழுத்துட்டுப் போனாங்களே, அவர் உசுரோட வரணும்னு வளர்க்கிறேன். மொட்டைக் கோழியைக் கொண்டுபோய் நிறுத்தினா சாமி சும்மா விடுமா?" பேசும்போதே அழுதுவிட்டாள்.

"முளைச்சிடும்க்கா, விடுங்க."

"திமிரைப் பாருங்களேன்!" என்றார் எதிர்வீட்டு ராஜரத்தினம். "அவனவன் மரவள்ளிக்கிழங்கைத் தின்னுட்டுக் கிடக்கான், இவனுக்கு விளையாட்டு கேக்குது. சாமி கோழியில கை வச்சவன் உருப்படுவானா?"

எல்லாரும் ஆமாம் போட்டார்கள். தனபாலன் நூலைப் பல்லால் கடித்து அறுத்தான்.

மறுநாள் காலையில் லாரி வந்தது. ஜப்பான் சிப்பாய்கள் வீடு வீடாகப் புகுந்து கோழிகளைப் பிடித்துச் சாக்கில் போட்டார்கள். ராஜரத்தினம் குனிந்து கும்பிட்டபடியே தன் கோழிகளைக் கொடுத்தார்.

கமலவேணியின் சேவலை ஒருவன் தூக்கினான். திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"சாக்கிட்! சாக்கிட்!"

சீக்குக் கோழி என்று மலாயில் கத்தியபடி வீசிவிட்டு, கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு போனான்.

லாரி நகர்ந்ததும் கமலவேணி தனபாலன் வீட்டுக்கு ஓடினாள்.

"தம்பி! உன் விளையாட்டுப் பைத்தியம் என் தாலியைக் காப்பாத்திடுச்சுடா!"

"ஐயோ, கத்தாதீங்கக்கா!" அவசரமாகக் கதவைச் சாத்தினான் தனபாலன். சிப்பாய்களின் குசினியில் பாத்திரம் கழுவுகிற வேலை அவனுக்கு. "கோழி பிடிக்க வரப்போறாங்கன்னு சமையல்காரன் முந்தாநாளே சொல்லிட்டான். வெளிய தெரிஞ்சா என் தலை போயிடும். உங்ககிட்ட சொல்லியிருந்தா பக்கத்து ஊர் உஜோங் பாசிர் வரைக்கும் கேட்டிருக்குமே!"

"அப்போ... பந்து செய்யன்னு சொன்னியே?"

"பந்துக்கு வால் இறகு போதும்க்கா. கழுத்தையும் முதுகையும் பிடுங்கினது உங்க வீட்டுக்காரருக்காக."