எதை எரிச்சீங்க?

“இந்த மண்ணுல கலந்திருக்கிற கரி, எதை எரிச்ச கரி? உண்மையைச் சொல்லுங்க!”

இடுப்பிலிருந்த குழந்தையை இறுக்கிப் பிடித்தபடி கரிச் சூளையின் கேட்டுக்குள் நுழையும்போதே கத்தினாள் அவள். குழந்தைக்கு ஒன்றரை வயது. எத்தனை துடைத்தும் அதன் உதட்டோரத்தில் இன்னும் மை பூசின மாதிரி கறுப்பு.

தொட்டியில் கரியைக் கொட்டி எருத் தண்ணீரில் ஊற வைத்துக்கொண்டிருந்த சூளைக்காரம்மா நிமிர்ந்தாள்.

“என்னம்மா ஆச்சு?”

“மாடியில தக்காளி போடலாம்னு போன வாரம் உங்ககிட்ட மண் பை வாங்கினேன். துணியைக் காயப் போட்டுட்டுத் திரும்பறேன், இவ ரெண்டு கையாலயும் அள்ளித் தின்னுட்டிருக்கா!”

“ஐயய்யோ! டாக்டர்கிட்ட காட்டினீங்களா?”

“அங்கேர்ந்துதான் வரேன். உமிக் கரின்னா பெரிசா பயமில்லையாம். பெயின்ட் அடிச்ச மரத்தை எரிச்ச கரின்னா அதுல ஈயம் இருக்குமாம். மூளையையே பாதிக்குமாம். ரத்தம் எடுத்திருக்காங்க, ரிசல்ட் வர மூணு நாள் ஆகும். எதை எரிச்சாங்கன்னு உடனே கேட்டுட்டு வாங்கன்னார்.”

சொல்லச் சொல்லவே குரல் உடைந்தது. தேற்ற வேண்டிய கணவனோ வழியெல்லாம் எரிந்து விழுந்தான். “எந்தக் கடைப் பை? எப்ப வாங்கினே? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?” பிள்ளைமேல் உயிரையே வைத்திருக்கிறவர், பதற்றம் இருக்காதா என்று அவளும் பொறுத்துக்கொண்டாள். இப்போதுகூட இறங்கத் தெம்பில்லாமல் வெளியே காரிலேயே உட்கார்ந்திருக்கிறான்.

“உமிதாம்மா. என் சூளைக்குள்ள வேற எதுவும் போகாது.”

“எல்லாரும் இப்படித்தான் சொல்லுவீங்க!”

அப்போதுதான் அவள் கண்ணில் அது பட்டது. சூளைக்குப் பின்னால், சுவரோரம், ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தன பழைய கதவுகளும் ஜன்னல் சட்டங்களும். பச்சையும் நீலமுமாகப் பெயின்ட் செதில் செதிலாக உரிந்து தொங்கியது.

அந்தக் குவியலை நோக்கிக் கையை நீட்டினாள்.

“அது என்ன?”

சூளைக்காரம்மா திரும்பிப் பார்த்தாள். முகம் சுருங்கிப்போனது.

“கேக்கறேன்ல, அது என்ன? நீங்களும் பிள்ளை பெத்தவங்கதானே? எப்படிங்க மனசு வந்தது?”

“கத்தாதீங்கம்மா, குழந்தை மிரளுது. இப்படி வாங்க.” கையைத் துடைத்துக்கொண்டு போய்ச் சூளையின் மூடியைத் தள்ளினாள். “நல்லா எட்டிப் பாருங்க. கதவை எரிச்சிருந்தா ஆணி, கீலெல்லாம் அடியில கிடக்கணும்ல? அதோ, மூணு மாசத்துச் சாம்பல் மேடு. அதையும் கிளறிப் பாருங்க. இந்தாங்க கம்பு.”

ஒரு கையில் குழந்தை, மறு கையில் கம்பு. அவள் வெறி பிடித்தவள்போலக் கிளறினாள். உமிச் சாம்பல். இன்னும் ஆழமாகக் குத்தினாள். உமிச் சாம்பல்தான். ஓர் ஆணிகூட இல்லை.

அதன் பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது.

“அப்ப... அந்தக் கதவெல்லாம்?”

“பழைய வீடு இடிச்ச மரம்னு ஒருத்தர் போன மாசம் லாரியில கொண்டாந்தார். குப்பைக் கிடங்குல வாங்க மாட்டேங்கிறாங்க, நீ எரிச்சுக் கரியாக்கிக்கோ, இனாம்னார். வேணாம் சார், இது பெயின்ட் மரம், இந்தக் கரியைப் போட்டா மண்ணே விஷமாயிடும், சின்னப் பிள்ளைங்க இருக்கிற வீட்டுக்கெல்லாம் போகுதுன்னேன்.”

“அதுக்கு என்ன சொன்னான்?”

“‘போனா போகட்டும், உன் பிள்ளையா திங்கப் போகுது’ன்னு சிரிச்சுக்கிட்டே கொட்டிட்டுப் போயிட்டார். திரும்ப எடுத்துட்டுப் போகச் சொல்லித் தினம் ஃபோன் பண்றேன், எடுத்தாத்தானே!”

“அவனெல்லாம் ஒரு மனுஷனா!” அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. “அவனுக்குன்னு ஒரு பிள்ளை இருந்து, அது வாயில இதைப் போட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்!”

பின்னால் கேட் கிறீச்சிட்டது. குழந்தை “ப்பா!” என்று தாவியது.

முகம் வெளுத்து, சட்டையெல்லாம் வியர்வையில் நனைந்து ஓடி வந்த கணவன், மனைவியையும் பார்க்கவில்லை, குழந்தையையும் பார்க்கவில்லை. நேராகப் போய்ச் சூளைக்காரம்மாவின் முன்னால் கை கூப்பினான்.

“எரிக்கலைன்னு சொல்லும்மா... நான் கொட்டிட்டுப் போன கதவை இன்னும் எரிக்கலைன்னு சொல்லு!”